ரோமாபுரிச் சம்பந்தி

ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த போர் முடிந்து இரண்டாயிரத்து நூறு வருடங்களுக்கு மேலாகிறது என்பது ஒஸ்லோவில் இருக்கும் புராதனப் போர் நல்லிணக்க நிலையத்துக்குத் தெரியாததல்ல. அவர்கள் அந்தப் போரைத் தெரிவுசெய்ததே அதனால்தான்.

நிலையத்தின் இயக்குநர் தூர்பியோர்ன் அதற்கு முன்னர் பல வருடங்களாக உயிரோடு இருந்த போர்களுக்குச் சமாதானம் பேசியவர். நான்கு கண்டங்களில் பேசினார். போன இடமெல்லாம் பேச்சும் நன்றாக நடந்தது, போரும் நன்றாக நடந்தது. அந்த அனுபவத்தில் தாம் கண்டறிந்ததை நிலையத்தின் திறப்பு விழாவில் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

“வாழும் போர்களில் ஒரு பெரிய குறை உண்டு. அவற்றில் மனிதர்கள் தலையிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். புராதனப் போரில் அந்தத் தொல்லை இல்லை. சாக வேண்டியவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள். ஆகவே எங்கள் முயற்சியால் இனி ஒருவரும் சாகமாட்டார்கள் என்று என்னால் உறுதி கூற முடியும்.”

நிலையத்துக்குப் பணம் கொடுக்கும் அனுசரணையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்வரிசைக்குப் பின்னால் சாமன் மீன் வைத்த பாண் தட்டுகளோடு நின்ற மங்களேஸ்வரியும், தட்டு இரண்டு கையிலும் இருந்தபடியால், தலையை ஆட்டினார்.

மங்களேஸ்வரி நிலையத்தின் கன்டீனில் வேலை செய்தார். ஊர் பருத்தித்துறை. ஒஸ்லோவுக்கு வந்து கால் நூற்றாண்டு. வெஸ்ட்லியில் வீடு, கணவர் குலேந்திரன் பஸ் ஓட்டுகிறார், மகன் லதீசன் மின்சார வேலை. நிலையத்துக்காரர் என்ன செய்கிறார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. மத்தியானம் பதினொன்றரைக்கே பசியெடுக்கிற மனிதர்கள் என்ற அளவில் அவர்களை அவருக்குத் தெரியும்.

ஆறு மாதத்தில் நிலையத்துக்கு முதல் சோதனை வந்தது. பேச்சுவார்த்தை என்றால் தரப்புகள் எங்கே என்று அனுசரணையாளர்கள் கேட்டுவிட்டார்கள். கார்த்தேஜ் இருந்த இடம் இன்றைக்குத் துனீசியா. அங்கே எழுதிப் பார்த்தார்கள், பதில் இல்லை. ரோம் நகரத்துக்கு எழுதினார்கள். சுற்றுலா வழிகாட்டிப் புத்தகம் ஒன்று தபாலில் வந்தது.

அப்போதுதான் தூர்பியோர்னின் கண் கன்டீன் பக்கம் திரும்பியது. கடற்கரைப் பட்டினத்தில் பிறந்தவரா? ஓம். நாட்டில் யானை உண்டா? உண்டு. போரில் தோற்ற சமூகமா? மங்களேஸ்வரி இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமெடுத்தார். அந்த மௌனமே போதுமென்று தூர்பியோர்ன் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றிலிருந்து மங்களேஸ்வரி, கன்டீன் வேலை முடிந்த பிறகு, கார்த்தேஜ்.

ஆலோசகர் இங்கெபோர்க் அவருக்கு வரலாற்றைச் சுருக்கமாக விளக்கினார். இங்கெபோர்க் நல்ல பிள்ளை. அலுவலகத்துக்குள் கம்பளிக் காலுறையோடு நடக்கிறவர். கார்த்தேஜ் பெரிய வணிகத் துறைமுகம் என்றும், ரோமோடு மூன்று தரம் போரிட்டது என்றும், ஹன்னிபால் என்ற அதன் தளபதி யானைகளோடு பனிமலை தாண்டி ரோமரைக் கலக்கினான் என்றும் சொன்னார். கடைசியில் என்ன நடந்தது என்று மங்களேஸ்வரி கேட்டார். ஆயுதத்தைத் தா என்றார்கள் ரோமர், கார்த்தேஜ் கொடுத்தது. பிள்ளைகளைப் பணயமாகத் தா என்றார்கள், கொடுத்தது. பிறகு கடலை விட்டு உள்ளே போய்க் குடியிரு என்றார்கள். அதற்கு மட்டும் மாட்டேன் என்றது. ரோமர் நகரத்தை எரித்து, மிஞ்சியவர்களை அடிமைகளாக விற்றார்கள். மங்களேஸ்வரி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிறகு அதை இன்னொரு தரம் கழுவினார்.

ரோமைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் மங்களேஸ்வரிதான். உங்களுக்குத் தெரிந்த ரோமர் யாராவது உண்டா என்று இங்கெபோர்க் கேட்டபோது, ரோமன் கத்தோலிக்கர் என்றால் போதுமா என்று அவர் கேட்டார். போதும் என்று நிலையம் கூடி முடிவெடுத்தது. அந்தக் கத்தோலிக்கர் லில்லெஸ்ட்ரோமில் ஒரு பீட்சாக் கடையில் சமையல்காரராகவும் இருந்தது அவர்களுடைய எதிர்பார்ப்புக்கு மேலாகவே இருந்தது.

அவர் பெயர் அல்பிரட். சொந்த ஊர் குருநகர். அவருடைய மகள் வினோஜாவுக்கும் மங்களேஸ்வரியின் மகன் லதீசனுக்கும் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். பிள்ளைகள் தாங்களே விரும்பியது. ஒன்று சைவம், மற்றது கிறிஸ்தவ வேதம் என்றாலும், இரண்டு குடும்பமும் ஒருநாள் தேத்தண்ணியோடு இருந்து கதைத்ததில் எல்லாம் ஒப்பேறிவிட்டது. காலையில் சேர்ச், பின்னேரம் மண்டபத்தில் மணவறை. சாப்பாட்டு விஷயம் மட்டும் பிறகு பார்ப்பம் என்று விட்டிருந்தார்கள்.

முதல் அமர்வுக்கு ரோமும் கார்த்தேஜும் அல்பிரட்டின் காரில் ஒன்றாக வந்து இறங்கின. மங்களேஸ்வரியின் பையை அல்பிரட் தூக்கிக்கொண்டு வந்தார். நீண்ட மேசையின் ஒரு தலைப்பில் கழுகு போட்ட கொடி. மறு தலைப்பில், கார்த்தேஜின் கொடி எப்படியிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாததால், இங்கெபோர்க் வரைந்த யானை. இரண்டு தரப்பும் கொடிகளைத் தள்ளி வைத்துவிட்டு நடுவில் வந்து இருந்து, கலியாண அழைப்பிதழில் யாருடைய பெயர் முதலில் வரவேண்டும் என்று சிரித்துச் சிரித்துக் கதைத்தன.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த தூர்பியோர்ன் முதலில் கண்கலங்கினார். பிறகு முகம் வெளிறினார். திட்டம் ஐந்து வருடத்துக்குரியது. முதல் கோப்பி ஆறுவதற்குள் சமாதானம் வந்தால் மிச்ச வருடங்களை என்ன செய்வது? பணியாளர்களை அவசரமாகக் கூட்டி அவர் பேசினார்.

“குறைமாதத்தில் பிறக்கும் சமாதானம் பிழைக்காது. தரப்புகள் தங்கள் பகையை இன்னும் உணரவில்லை. உணராத பகையைத் தீர்த்து வைத்தால் அந்தத் தீர்வு யாருக்குச் சொந்தம்? முதலில் அவர்களுக்குப் பகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது நமது தார்மீகக் கடமை.”

அந்தக் கடமை நொர்ட்மார்க்கா காட்டில் தொடங்கியது. ஹன்னிபாலின் மலைப்பயணத்தை ரோம் தன் உடலால் உணர வேண்டும் என்று அல்பிரட்டின் கால்களில் பனிச்சறுக்குக் கட்டை மாட்டி ஒரு மேட்டில் ஏற்றினார்கள். ஒஸ்லோவில் முப்பது குளிர்காலம் கழித்தும் அந்தக் கட்டையை அவர் தொட்டவரல்ல. ஏறின வேகத்தைவிடப் பெரிய வேகத்தில் பனியில் குந்தினபடியே கீழே வந்தார். மங்களேஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ‘முதலாவது பகைமை நிகழ்வு, தொடுத்த தரப்பு கார்த்தேஜ்’ என்று இங்கெபோர்க் பதிந்துகொண்டார்.

அடுத்தது மனக்குறை வகுப்பு. ஒவ்வொரு தரப்பும் தனித்தனி அறையில் இருந்து, நெஞ்சுக்குள் அடக்கி வைத்த ஒரு வலியைச் சொல்ல வேண்டும். தனக்கு ஒரு வலியும் இல்லை, இடுப்பு மட்டும் அன்று விழுந்ததில் நோகிறது என்று அல்பிரட் சொன்னார். விடவில்லை. இன்னும் ஆழமாகத் தேடுங்கள் என்றார்கள். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அவர், பாரிசிலிருந்து வரும் தன் ஆட்கள் பின்னேரம்தான் வந்து சேருவார்கள், மணவறைச் சாப்பாட்டில் ஆட்டிறைச்சி இருந்தால் நன்றாயிருக்கும், சம்பந்தி வீட்டாரிடம் கேட்கக் கூச்சமாயிருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அடுத்த அமர்வில் அது திரையில் பெரிய எழுத்தில் வந்தது: ‘ரோமின் அடக்கப்பட்ட பசி.’

மங்களேஸ்வரி அதை வாசித்தார். ஆட்டிறைச்சி அவருக்குப் பெரிய விஷயமில்லை. தன் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்த மனிதர் தன்னிடம் சொல்லாததை வெள்ளைக்காரரிடம் சொல்லியிருக்கிறார் என்பதுதான் நெஞ்சில் தைத்தது. இப்போது உங்கள் வலியைச் சொல்லுங்கள் என்று இங்கெபோர்க் மெதுவாகக் கேட்க, சேர்ச் காலையில் முடிந்தால் தங்கள் பக்கச் சடங்குக்குக் களைத்த பொம்பிளையும் மாப்பிள்ளையும்தானே மிஞ்சும் என்று அவரும் ஒன்றைச் சொல்லிவிட்டார். அதுவும் திரைக்குப் போனது. அன்று பின்னேரம் கார்த்தேஜ் ரயிலில் வீட்டுக்குப் போனது.

இனி நேரடியாகப் பேசுவது ஆபத்து என்று நிலையம் மகிழ்ச்சியோடு அறிவித்தது. தரப்புகளை இரண்டு மாடிகளில் வைத்தார்கள். செய்திகளை இங்கெபோர்க் ஏறி இறங்கிக் கொண்டுபோனார். வீட்டுச் சொற்கள் அப்படியே போனால் மறுதரப்புக்கு வரலாற்றுப் பின்னணி விளங்காது என்பதால் ஒவ்வொரு செய்தியும் வழியில் தூர்பியோர்னின் மேசையில் திருத்தப்பட்டது. மணவறை போடுகிற மண்டபத்துக்குள் ஆட்டிறைச்சி சரிவராது என்று மங்களேஸ்வரி சொல்லியனுப்பினார். கார்த்தேஜ் தனது துறைமுகங்களை ரோமின் கால்நடைகளுக்கு மூடிவிட்டது என்று அல்பிரட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படியென்றால் மத்தியானம் இறைச்சி, பின்னேரம் மரக்கறி என்று வைப்பம் என்று அல்பிரட் சொல்லியனுப்பினார். பகற்பொழுது முழுவதற்கும் ரோம் உரிமை கோருகிறது என்று மங்களேஸ்வரிக்கு வந்து சேர்ந்தது.

அமர்வு முடிந்து நிலக்கீழ் ரயிலுக்குப் போகிற வழியிலும் மோதல் நேரலாம் என்று, செம்மஞ்சள் மேலங்கி போட்ட கண்காணிப்பாளர் ஒருவரை ரயில் மேடையில் நிறுத்தினார்கள். வெஸ்ட்லிக்குப் போகிற கார்த்தேஜும், காரை வீட்டில் விட்டு வந்த நாட்களில் ட்வெய்ட்டாவுக்குப் போகிற ரோமும் அவருடைய இரண்டு பக்கத்திலும் நின்று, ஆளையாள் பார்க்காமல், வேறு வேறு ரயிலுக்குக் காத்திருந்தார்கள்.

வீட்டிலும் போர் பரவியது. குலேந்திரன் இணையத்தில் ஹன்னிபாலைப் பற்றி வாசித்துவிட்டு, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து யானைப்படையின் ஒழுங்கை மரவள்ளிக்கிழங்குத் துண்டுகளால் விளக்கினார். அல்பிரட்டை அவர் இப்போது ‘அந்த ரோமன்’ என்றுதான் சொன்னார். தமிழர் அமைப்பு ஒன்று கார்த்தேஜ் மக்களின் நியாயமான அபிலாசைகளுக்கு ஆதரவு தெரிவித்து அறிக்கை விட்டது. அந்த அமைப்போடு ஏற்கெனவே கோபமாக இருந்த இன்னொரு அமைப்பு, அதைக் கண்ட உடனேயே ரோமுக்கு ஆதரவு தெரிவித்தது. ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் மரக்கறி வாங்கப் போன மங்களேஸ்வரியை மறித்து, விட்டுக் கொடுக்க வேண்டாம் அக்கா என்று முன்பின் தெரியாத ஒருவர் சொன்னார்.

லதீசனுக்குத்தான் பொறுக்கவில்லை. வினோஜா மூன்று நாளாக அழுகிறாள் என்றும், அவளுடைய தகப்பன் கலியாண மண்டபத்தை மாற்றப்போவதாகச் சொல்கிறார் என்றும் தாயிடம் வந்து சொன்னான்.

“அவர் துறைமுகத்தைத் திறக்கச் சொல்லுறார் எண்டால் நான் என்ன செய்ய?” என்றார் மங்களேஸ்வரி.

“அம்மா, நீங்கள் கார்த்தேஜ் இல்லை. நீங்கள் கன்டீன்.”

அவன் சொன்னது அன்று முழுக்க அவருடைய காதுக்குள் நின்றது. ஆனாலும் மறுநாள் அவர் நிலையத்துக்குப் போய், வேலை முடிந்ததும் மூன்றாம் மாடிக்கு ஏறி, யானைக் கொடிக்குப் பின்னால் போய் இருந்தார். போர் அப்படித்தான் பழக்கமாகிறது.

வசந்தத்தில் அனுசரணையாளர்கள் பார்வையிட வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒப்பந்த நகலை வாசிப்பதென்று ஏற்பாடு. பெரிய மண்டபத்தில் ரோம் இடது கரையிலும் கார்த்தேஜ் வலது கரையிலும் இருத்தப்பட்டார்கள். நடுவில் உயரமான பூச்செடிகளை வைத்து மறைத்திருந்தார்கள். தூர்பியோர்ன் எழுந்தார். சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது என்று தொடங்கினார். கார்த்தேஜ் எரிக்கப்பட்டது என்பது ஒரு தரப்பின் கதை. அந்தக் காலப்பகுதியில் நகரத்தின் வெப்பநிலை கணிசமாக உயர்ந்தது என்பதை இரு தரப்பும் ஏற்கலாம் என்றார். மக்கள் விற்கப்பட்டதைப் பரந்தளவிலான இடப்பெயர்வு என்று எழுதியிருந்தார்கள்.

மங்களேஸ்வரி கையை உயர்த்தினார். அது நிகழ்ச்சிநிரலில் இல்லை. பருத்தித்துறையில் தங்கள் வீடும் எரிந்ததென்றும், எரிந்ததை எரிந்தது என்றுதான் சொல்வார்கள் என்றும், தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

தூர்பியோர்ன் தலையைச் சாய்த்து, கைகளை நெஞ்சில் வைத்தார். “அது உங்கள் உண்மை. அதை நாங்கள் மிக ஆழமாக மதிக்கிறோம். அதனால்தான் அதைப் பின்னிணைப்பில் சேர்க்கப்போகிறோம்.”

அனுசரணையாளர்கள் தலையசைத்தார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். தூர்பியோர்ன் அடுத்த அம்சத்துக்குப் போனார். நம்பிக்கையைக் கட்டியெழுப்பும் நடவடிக்கையாக, முழுமையான தீர்வு எட்டப்படும் வரைக்கும், இரு தரப்புக்கும் இடையிலான திருமண உறவுகள் இடைநிறுத்தப்படும். தீர்வுக்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அவசரப்படாவிட்டால் எட்டு வருடத்தில் எட்டலாம் என்றார் தூர்பியோர்ன்.

பூச்செடிகளின் இரண்டு பக்கத்திலும் இரண்டு கதிரைகள் பின்னால் நகர்ந்தன.

அவர்கள் சேர்ந்து வெளிக்கிடவில்லை. மங்களேஸ்வரி ஒரு கதவால் போனார், அல்பிரட் மற்றக் கதவால் போனார். ஆனால் அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி ஒன்றுதான். கதவு மூடியபோது உள்ளே ரோமும் கார்த்தேஜும் மட்டும் நின்றார்கள். இருவரும் கதவைப் பார்த்தபடி நின்றார்கள். மூன்றாம் மாடி தாண்டியது.

“எட்டு வருசமாம்,” என்றார் அல்பிரட்.

“ஓம். கேட்டனான்.”

“பிள்ளையளுக்கு அதுக்குள்ளை பிள்ளையள் பிறந்து பள்ளிக்கூடம் போயிடும், தங்கச்சி.”

தங்கச்சி என்ற சொல்லைக் கேட்டு எத்தனையோ கிழமை. மங்களேஸ்வரி திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் மெலிந்திருந்தார். தன் கோபம் முழுவதும் இந்த மனிதர் மேலேயா இருந்தது என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

“அண்ணை, மத்தியானம் சேர்ச் ஹோலிலை ஆட்டிறைச்சியை வையுங்கோ. பின்னேரம் வாற பாரிஸ் ஆக்களுக்கு நான் அதிலை எடுத்து வைக்கிறன். பின்னேரம் மண்டபத்திலை மரக்கறி. சரிவராதோ?”

“நான் அதைத்தானே முதலே சொல்லி அனுப்பினனான்.”

“எனக்கு அப்பிடி வரேல்லை. நீங்கள் பகல் முழுக்கக் கேக்கிறியள் எண்டெல்லோ வந்தது.”

“எனக்குத் துறைமுகம் மூடியாச்சு எண்டு வந்தது. நான் பயந்துபோனன், நீங்கள் கலியாணத்தையே குழப்பப் போறியள் எண்டு.”

கீழ்த்தளத்தில் கதவு திறந்தபோது அல்பிரட் மேலங்கிக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மங்களேஸ்வரி, களைத்த பொம்பிளை மாப்பிள்ளைக்கு நடுவிலே இரண்டு மணித்தியாலம் படுக்க ஒரு அறை எடுப்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற கண்காணிப்பாளர் அவர்களைப் பிரித்து நிறுத்த ஓடிவந்தார். அவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு அல்பிரட்டின் காருக்குப் போனார்கள்.

நிலையம் அதிர்ந்துபோனது. அங்கீகாரமில்லாத சமாதானம் ஒன்று, அனுசரணையாளர்கள் கட்டடத்துக்குள் இருக்கும்போதே, மின்தூக்கிக்குள் செய்யப்பட்டிருக்கிறது. மறுநாள் தூர்பியோர்ன் மங்களேஸ்வரியைக் கூப்பிட்டு, கோபப்படாமல், மனம் நொந்துபோய்ப் பேசினார்.

“எங்களுக்குச் சமாதானத்தில் ஆட்சேபமில்லை. ஆனால் செயல்முறைக்கு வெளியே வருகிற சமாதானம் மற்றவர்களுக்கு என்ன சொல்கிறது? நாங்கள் தேவையில்லை என்று சொல்கிறது. அது வன்முறை, மங்களேஸ்வரி. அமைதியான வன்முறை.”

அவருடைய கன்டீன் ஒப்பந்தம் கோடையோடு முடிவதாகவும் அதே அறையில் அறிவித்தார்கள். ஒரு தரப்பு சமையலறையில் இருப்பது நிலையத்தின் நடுநிலைக்கு உகந்ததல்ல. மங்களேஸ்வரி அழவில்லை. கோடை வரை காத்திராமல் தன் அகப்பையை எடுத்துக்கொண்டு, இங்கெபோர்க்கிடம் மட்டும் கலியாணத்துக்கு வரச்சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. வரலாறும் குறைவு.

கலியாணத்தன்று மத்தியானம், சேர்ச் ஹோலில் அவர் இறைச்சிச் சட்டியைத் திறந்து பின்னேரம் வரப்போகிற பாரிஸ் ஆட்களுக்கென்று வேறாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. தூர்பியோர்ன். அனுசரணையாளர்கள் இலையுதிர் காலத்தில் மறுபடி வருகிறார்களாம். புதிய தரப்புகளைப் பயிற்றுவிக்க நேரம் போதாது. பழைய நட்பை வைத்துக் கேட்கிறேன், அல்பிரட்டோடு ஒரே ஒரு தரம் சண்டைபிடித்துக் காட்ட முடியுமா, சின்னதாக இருந்தாலும் போதும் என்றார்.

மங்களேஸ்வரி தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இங்கே கலியாண அலுவல் தலைக்கு மேலே கிடக்கிறது, அவ்வளவு அவசரமென்றால் உங்கள் மனைவியோடு பிடியுங்கள் என்று பணிவாகச் சொன்னார்.

அன்று பின்னேரமே நிலையத்தின் அறிக்கை வெளிவந்தது. தரப்புகளிடம் போதிய அரசியல் விருப்பம் இல்லாமையால் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்றும், ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் இடையிலான போர் தொடர்கிறது என்றும் அது ஆழ்ந்த கவலையோடு தெரிவித்தது. நிலைமையின் பாரதூரத்தைக் கருதி அனுசரணையாளர்கள் நிலையத்தின் காலத்தை மேலும் பத்து வருடங்களுக்கு நீட்டித்தார்கள். அறிக்கை வெளியான அந்த நேரத்தில், ரோமும் கார்த்தேஜும் ட்வெய்ட்டா மண்டப வாசலில் அக்கம்பக்கமாக நின்று, வருகிறவர்களுக்குச் சந்தனமும் கற்கண்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.